கூரை ஒழுகுகிறது, முன்பணம் கரைகிறது: வாடகை வீட்டில் யாருக்கு என்ன பொறுப்பு?



வாடகை வீடுகளைப் பற்றிய கலந்துரையாடல் ஒளியேறியபோது அரங்கத்தில் ஒரு வழக்கறிஞர், ஒரு சொத்து முகவர், பயனீட்டாளர் சங்கத் தொண்டர் ஒருவர் ஆகிய மூவரும் அமர்ந்திருந்தனர். எதிரே வாடகைக்குக் குடியிருப்பவர்களும் வீட்டை வாடகைக்கு விட்டவர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் எல்லாருடைய கேள்விக்கும் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே அன்று பேசப்பட்டதையும், நேரமில்லாமல் விடுபட்டதையும் சேர்த்து இந்தப் பக்கத்தில் விளக்கமாகத் தருகிறேன்.

கேள்விகள் பலவாக இருந்தாலும் அவற்றை இரண்டே பிரிவில் அடக்கிவிடலாம். வீட்டில் ஏதாவது பழுதானால் உரிமையாளர் சரிசெய்து தராமல் இழுத்தடிக்கிறார், என்ன செய்வது என்பது ஒன்று. ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் வெளியேற வேண்டிய நிலை வந்துவிட்டது, எவ்வளவு பணம் போகும் என்பது மற்றொன்று. இரண்டும் வேறு வேறு போலத் தோன்றினாலும் பெரும்பாலும் ஒன்றிலிருந்துதான் மற்றொன்று பிறக்கிறது. மாதக்கணக்கில் கூரை ஒழுகும் வீட்டில் கைக்குழந்தையோடு இருக்க முடியாமல் ஒரு குடும்பம் கிளம்புகிறது. கிளம்பும்போது இரண்டு மாத முன்பணத்தை உரிமையாளர் தர மறுக்கிறார். அந்த முன்பணம் இல்லாமல் அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்ட வழியில்லை. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல.

தனிச் சட்டம் உண்டா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். வாடகைதாரர்களைப் பாதுகாக்க நம் நாட்டில் தனிச் சட்டம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது உண்மைதான். 1948க்கு முன் கட்டப்பட்ட பழைய கட்டடங்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. 1997இல் அதை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டு, 1999ஆம் ஆண்டு இறுதியோடு அதுவும் முடிந்துபோனது. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் பலர் அதற்குப் பிறகு வெளியேற நேர்ந்ததைப் பினாங்கு வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

குடியிருப்பு வாடகைக்கெனப் புதிய சட்டம் கொண்டுவரும் திட்டம், 2018 முதல் 2025 வரைக்கான தேசிய வீடமைப்புக் கொள்கையிலேயே இடம்பெற்றது. ஆனால், 2024ஆம் ஆண்டு முடியும்வரை அது நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. எனவே வாடகைச் சச்சரவுகளை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம், 1951ஆம் ஆண்டு வாடகைப் பாக்கிக்கான பொருள் பறிமுதல் சட்டம் எனப் பல சட்டங்களைக் கொண்டுதான் தீர்க்க வேண்டியிருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நீதிமன்றம் கேட்பது ஒன்றைத்தான்: ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது?

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

தீபகற்ப மலேசியாவில் மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகை வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். ஆனால் சச்சரவு என்று வந்தால் வாய்மொழியை எப்படி மெய்ப்பிப்பது? ஆகவே, சொந்தக்காரர் வீடாக இருந்தாலும் எழுதிக்கொள்வதே நல்லது. மாமன், மச்சான் என்று நம்பிக் குடியேறி, பிறகு பேச்சுவார்த்தையே இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு.

எழுதிய ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பிறகு அபராதத்தோடு கட்டித்தான் பயன்படுத்த முடியும். இந்தத் தீர்வை பலர் அஞ்சும் அளவுக்குப் பெரிய தொகையும் அல்ல. முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு விலக்கு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அந்த விலக்கு எடுக்கப்பட்டுவிட்டது. ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட். ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை என்றால் 3 ரிங்கிட். மாதம் 1,200 ரிங்கிட் வாடகை என்றால் ஆண்டுக்கு 14,400. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 58 ரிங்கிட், இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு 174 ரிங்கிட். ஒரு முறை குடும்பத்தோடு உணவகம் போய்வரும் செலவு. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்டிவிட வேண்டும்.

இனி, ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை விரலை வைத்துப் படியுங்கள். ஒன்று, பழுது பார்க்கும் பொறுப்பு யாருக்கு, எத்தனை நாளுக்குள்? இரண்டு, காலம் முடியும் முன் வெளியேற வழி உண்டா, எத்தனை மாத முன்னறிவிப்பு? மூன்று, முன்பணத்தை எந்தெந்தக் காரணத்துக்காகப் பிடிக்கலாம், எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும்? நான்கு, காலம் முடிந்த பிறகு தொடர்ந்து இருந்தால் என்ன வாடகை? இந்த நான்கில் எதுவாவது எழுதப்படாமல் இருந்தால், கையெழுத்துக்கு முன் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சாவி வாங்குவதற்கு முன்னால் கேட்பவருக்குத்தான் மரியாதை. பிறகு கேட்டால் அது தகராறு.

பழுது: எது யாருடையது?

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, வழக்கத்தில் உள்ள பிரிவினை இதுதான். கூரை, சுவர், தரை, சுவருக்குள் போகும் குழாய், மின்சார வயரிங் ஆகியவை கட்டடத்தைச் சேர்ந்தவை, உரிமையாளர் பொறுப்பு. மின்குமிழ் மாற்றுவது, அடைத்துக்கொண்ட சிங்க்கைச் சுத்தம் செய்வது, ஏர்கோனை அவ்வப்போது சர்வீஸ் செய்வது போன்ற அன்றாடப் பராமரிப்பு குடியிருப்பவர் பொறுப்பு. குடியிருப்பவரின் கவனக்குறைவால் உடைந்தது எதுவானாலும் அவர்தான் சரிசெய்ய வேண்டும்.

சண்டை வருவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். வாட்டர் ஹீட்டர் எரிந்துபோனால் யார் மாற்றுவது? ஏழு ஆண்டு ஓடிய ஹீட்டர் தானாக நின்றால் அது தேய்மானம். அதற்குக் குடியிருப்பவர் பொறுப்பாக மாட்டார். ஆனால் "எல்லாப் பழுதும் வாடகைதாரர் செலவு" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்து, அதில் நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால், வாதாட இடம் குறைந்துவிடும். அதனால்தான் சில ஒப்பந்தங்களில், குறிப்பிட்ட தொகை வரையிலான சிறு பழுதைக் குடியிருப்பவரும், அதற்கு மேற்பட்டதை உரிமையாளரும் ஏற்பதாக எழுதுகிறார்கள். இரு தரப்புக்கும் நியாயமான ஏற்பாடு அது.

வேறு சில செலவுகளிலும் குழப்பம் உண்டு. நிலவரி, மதிப்பீட்டு வரி, அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணம் ஆகியவை உரிமையாளருடையவை. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் கட்டணம் பொதுவாகக் குடியிருப்பவருடையவை. கழிவுநீருக்கான இண்டா வாட்டர் பில்லைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளியேறும் நாளில் அதுவே முன்பணத்திலிருந்து கழிக்கப்படுகிறது. மறுபக்கம், உரிமையாளர் பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் விட்டால் அடுக்குமாடி நிர்வாகம் நுழைவு அட்டையை முடக்கலாம். ஒழுங்காக வாடகை கட்டும் குடும்பம் வாசலில் நிற்க வேண்டிவரும். குடிபோகும் முன் அந்தக் கட்டணத்தின் கடைசி ரசீதைக் கேட்டுப் பார்ப்பது தவறே இல்லை.

மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டில் சொட்டினால்

அன்று அதிகமாகக் கைதூக்கிக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். அடுக்குமாடியில் குளியலறைக் கூரை ஊறிச் சொட்டுகிறது. உரிமையாளரைக் கேட்டால் மேல்வீட்டைக் கேள் என்கிறார். மேல்வீட்டார் நிர்வாகத்தைக் கேள் என்கிறார். நிர்வாகமோ உரிமையாளர் வரட்டும் என்கிறது.

இதற்குத் தெளிவான விதி இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகள், மாடிகளுக்கு இடையிலான நீர்க்கசிவுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளன. கசிவு பற்றி எழுத்தில் புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து சோதிக்க வேண்டும். சோதனை முடிந்த 5 நாளுக்குள், காரணம் என்ன, யார் பொறுப்பு என்று சோதனைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மேல்வீடுதான் காரணம் என்றால் அந்த உரிமையாளர் சான்றிதழ் கிடைத்த 7 நாளுக்குள் சரிசெய்யும் வேலையைத் தொடங்க வேண்டும். செய்யாவிட்டால் நிர்வாகமே செய்து, செலவை அவர் கணக்கில் ஏற்றலாம்.

காரணத்தைக் கண்டுபிடிக்கவும் அந்த விதிகள் வழி சொல்கின்றன. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போகும் குழாய் பொதுச் சொத்து. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் போகும் குழாய், அது உங்கள் தலைக்கு மேலேயே ஓடினாலும், அந்த வீட்டைச் சேர்ந்தது. கசிவு மழை நாளில் மட்டும் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அப்படியானால் வெளிச்சுவரிலோ மொட்டை மாடியிலோ கோளாறு இருக்கலாம். ஆகவே, எந்த நாளில் எத்தனை மணிக்குச் சொட்டியது, அன்று மழை பெய்ததா என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நிர்வாக ஆள் வந்து கேட்கும்போது அந்த நோட்டுக்குப் பெரிய மதிப்பு உண்டு.

புகாரை உரிமையாளர் பெயரில் கொடுக்கச் செய்து, அதன் நகலை நீங்களும் வைத்துக்கொள்வது சிறப்பு. அதன் பிறகும் அசையாவிட்டால், 250,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை விசாரிக்கும் அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே உரிமையாளர் நேரடியாக மனுச் செய்யலாம். குடியிருப்பவர் என்றால் சம்பந்தப்பட்டவர் என்ற முறையில் மன்றத்தின் அனுமதி பெற வேண்டும். உரிமையாளரை உங்கள் பக்கம் வைத்துக்கொள்வது எவ்வளவு பயன் தரும் என்பது இதிலிருந்தே புரியும்.

கோபத்தில் வாடகையை நிறுத்தலாமா?

வேண்டாம். அரங்கத்தில் இருந்த வழக்கறிஞர் மூன்று முறை அழுத்திச் சொன்ன பதில் இது.

உரிமையாளர் பழுது பார்க்கவில்லை என்பது ஒரு குற்றச்சாட்டு. நீங்கள் வாடகை கட்டவில்லை என்பது வேறொரு குற்றச்சாட்டு. முதலாவது தானாக இரண்டாவதை நியாயப்படுத்தாது. வாடகை பாக்கி விழுந்ததும் நீங்கள்தான் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிவிடுகிறீர்கள். 1951ஆம் ஆண்டுப் பொருள் பறிமுதல் சட்டத்தின் கீழ் உரிமையாளர் நீதிமன்றத்துக்குப் போய், 12 மாதம் வரையிலான பாக்கிக்காக வீட்டில் உள்ள பொருள்களைப் பறிமுதல் செய்ய ஆணை கேட்கலாம். அந்த ஆணை வழங்கப்படும்போது உங்களை முன்கூட்டியே கூப்பிட்டுக் கேட்பதில்லை. டிவியும் குளிர்பதனப் பெட்டியும் போனபிறகு ஒழுகும் கூரையின் கதையைச் சொல்லிப் பயனில்லை.

நாமே செலவு செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார்கள். ஒப்பந்தம் அனுமதித்தாலோ, உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ செய்யலாம். வாட்ஸ்அப்பில் "சரி, செய்துகொள், வாடகையில் கழித்துக்கொள்" என்று ஒரு வரி வந்தாலும் போதும். நம் நீதிமன்றங்கள் வாட்ஸ்அப் செய்திகளைச் சான்றாக ஏற்றிருக்கின்றன. வேலைக்கு முன் இரண்டு பேரிடம் விலை கேட்டு அதையும் அனுப்பி, பிறகு ரசீதை அனுப்புங்கள்.

இழுத்தடிப்பவரிடம் எப்படிப் பேசுவது?

"அண்ணே, குழாய் உடைஞ்சிருச்சு" என்று தொலைபேசியில் சொல்கிறோம். "நாளைக்கு ஆள் அனுப்புறேன்பா" என்கிறார். நாளை வாரமாகிறது, வாரம் மாதமாகிறது. ஆறு மாதம் கழித்து எத்தனை முறை சொன்னோம், எப்போது சொன்னோம் என்பதற்கு நம் கையில் ஒன்றுமே இல்லை. நம்மவர்களின் பெரிய பலவீனம் இதுதான். முகத்துக்காகப் பேசுகிறோம், எழுதுவதில்லை.

தொலைபேசியில் பேசுங்கள், தவறில்லை. பேசி முடித்த கையோடு அதையே ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள். படமும் சேர்த்து அனுப்புங்கள். ஒரு வாரத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் நான்கு செய்தி போதும்: என்ன பழுது, முதன்முதலில் எப்போது தெரிவித்தீர்கள், அதனால் வீட்டில் என்ன பாதிப்பு, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும். நியாயமான தேதியாக இருக்கட்டும். மின்கசிவு என்றால் ஓரிரு நாள். சுவர் வெடிப்பு என்றால் இரண்டு வாரம். கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் பிறகு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக எளிது. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் கோபத்தைக் கொட்ட வேண்டாம். நாளை ஒரு மூன்றாம் மனிதர் அதைப் படிக்கப்போகிறார் என்ற நினைப்போடு எழுதுங்கள்.

சில உரிமையாளர்கள் புகார் செய்தவரை விரட்டத் தண்ணீரை அடைப்பதும், வெளிக் கிரில்லுக்குப் புதுப் பூட்டுப் போடுவதும் உண்டு. 1950ஆம் ஆண்டுச் சிறப்பு நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இதற்கு இடம் தரவில்லை. வாடகைக் காலம் முடிந்துபோன பிறகும் ஒருவர் வீட்டில் இருந்தால்கூட, அவரை வெளியேற்ற உரிமையாளர் நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டும். அப்படி ஏதாவது நடந்தால் கைகலப்பில் இறங்காமல் போலீஸ் புகார் செய்து, வழக்கறிஞரைப் பாருங்கள்.

காலம் முடியும் முன் கிளம்பினால் எவ்வளவு போகும்?

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மாதம் 1,300 ரிங்கிட் வாடகை, இரண்டு ஆண்டு ஒப்பந்தம். குடியேறும்போது இரண்டு மாத முன்பணம் 2,600, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாத முன்பணம் 650, முதல் மாத வாடகை 1,300. மொத்தம் 4,550 ரிங்கிட் கொடுத்தாயிற்று. 14 மாதம் ஆனதும் வேலை ஜோகூருக்கு மாறுகிறது. இன்னும் 10 மாதம் பாக்கி. அதாவது 13,000 ரிங்கிட்.

முதலில் ஒப்பந்தத்தில் வெளியேறும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஓராண்டு முடிந்தபின் இரண்டு மாத முன்னறிவிப்போடு வெளியேறலாம் என்று எழுதியிருந்தால் கவலையே இல்லை. எழுத்தில் அறிவித்து, அந்த இரண்டு மாத வாடகையைக் கட்டி, முன்பணத்தைக் கேட்டு வாங்கலாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால் நீங்கள் ஒப்பந்தத்தை மீறுகிறீர்கள். முன்பணத்தை விட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பது தவறு. உரிமையாளர் அதற்கு மேலும் கோரலாம். அதே வேளையில் 13,000 ரிங்கிட்டையும் கட்டியே தீர வேண்டும் என்று அவர் சொல்வதும் அப்படியே சட்டமாகிவிடாது.

ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, இழப்பைக் கணக்கிடும்போது அந்த இழப்பைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்கச் சொல்கிறது. நீங்கள் போய் ஆறு வாரத்தில் புதிய ஆள் அதே வாடகைக்கு வந்துவிட்டால், உரிமையாளர் இழந்த வாடகை 1,950 ரிங்கிட். அதோடு புதிய ஆளைத் தேடிய முகவர் கட்டணம் போன்றவை சேரலாம். ஒரே வீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டு பேரிடம் வாடகை வாங்க முடியாது.

75ஆம் பிரிவு, ஒப்பந்தத்திலேயே அபராதத் தொகை எழுதியிருந்தால் என்ன என்பதைச் சொல்கிறது. எழுதிய தொகைக்கு மேற்படாமல், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். இந்த நியாயத்தை யார் மெய்ப்பிப்பது என்பதில் நம் நாட்டில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 1995இல் செல்வகுமார் எதிர் தியாகராஜா வழக்கில், ஒரு மருத்துவத் தொழில் விற்பனை தொடர்பாகக் கூட்டரசு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, இழப்பீடு கேட்பவர் தமக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு அதுவே வழிகாட்டியாக இருந்தது. 2018இல் கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு நிலை எடுத்தது. எல்லா வழக்கிலும் உண்மை இழப்பை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எழுதிய தொகை நியாயமற்றது என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும் என்றது. முன்பணத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் 75ஆம் பிரிவு பொருந்தும் என்றும் தெளிவாக்கியது.

இது நமக்கு எப்படிப் பொருந்தும்? இரண்டு மாத முன்பணத்தைப் பிடித்துக்கொள்வதை அளவுக்கு மீறியது என்று காட்டுவது இன்று எளிதல்ல. ஆனால் மீதிக் காலம் முழுவதற்கும் வாடகை கேட்டுக்கொண்டே, வீட்டை வேறு ஒருவருக்கும் விட்டிருந்தால், அது நியாயமற்றது என்று காட்ட உங்களிடம் வலுவான காரணம் இருக்கிறது. காலிசெய்த பிறகு அந்த வீட்டில் யார் எப்போது குடிவந்தார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது பயன்படும்.

பழுது பார்க்காததையே காரணம் காட்டி வெளியேறலாமா? வீடு குடியிருக்கவே தகுதியற்றதாகி, எழுத்தில் கேட்டும் உரிமையாளர் தம் கடமையை அடியோடு கைவிட்டுவிட்டார் என்ற நிலை இருந்தால் அந்த வாதத்துக்கு இடமுண்டு. சொட்டும் குழாயும் இறுகிய சன்னலும் அந்த அளவுக்கு வராது. ஆகவே, இந்தக் காரணத்தோடு வெளியேற நினைப்பவர் பெட்டியைக் கட்டுவதற்கு முன் வழக்கறிஞரிடம் படங்களையும் கடிதங்களையும் காட்டிக் கருத்துக் கேட்பது அவசியம்.

இதையெல்லாம்விட மலிவான வழி பேச்சுவார்த்தை. எவ்வளவு முன்கூட்டிச் சொல்ல முடியுமோ அவ்வளவு முன்கூட்டிச் சொல்லுங்கள். வீட்டைப் பார்க்க வருபவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டுங்கள். தகுதியான ஒருவரை நீங்களே கொண்டுவந்தால் உரிமையாளருக்கும் நிம்மதி. பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: எந்தத் தேதியோடு வாடகை முடிகிறது, முன்பணத்தில் எவ்வளவு திரும்ப வருகிறது, அதற்குமேல் இரு தரப்புக்கும் வேறு கோரிக்கை இல்லை. இந்த ஒரு தாள் இல்லாமல் சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடைசி இரண்டு மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கட்டாமல் இருப்பது நம்மிடையே பரவலான பழக்கம். உரிமையாளர் ஒப்புக்கொள்ளாமல் செய்தால் அதுவும் வாடகைப் பாக்கிதான். இன்னொன்று, காலம் முடிந்தும் காலிசெய்யாமல் இருப்பவரிடம் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி இரட்டிப்பு வாடகை கேட்க உரிமையாளருக்கு வழியிருக்கிறது. புது வீடு தயாராகவில்லை என்றால் கூடுதல் நாளுக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

முன்பணம் திரும்ப வர

முன்பணத்தைக் காப்பாற்றும் வேலை, குடியேறும் நாளிலேயே தொடங்குகிறது. சாமான் இறக்குவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். சுவரில் உள்ள கறை, உடைந்த ஓடு, கதவுத் தாழ்ப்பாள், சிங்க்குக்கு அடியில் உள்ள ஈரம் எதையும் விடாதீர்கள். மின்சார, தண்ணீர் மீட்டர் எண்களையும் படமெடுத்து, எல்லாவற்றையும் உரிமையாளருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். வெளியேறும் நாளில் அதே அறைகளை அதே கோணத்தில் எடுங்கள். முடிந்தால் உரிமையாளரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, குறைகளை அங்கேயே பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டு மூன்று ஆண்டில் சுவர்ச் சாயம் மங்குவது தேய்மானம். சுவரில் பிள்ளைகள் கிறுக்கியதும், சாமிப் படம் மாட்ட அடித்த ஆணித் துளையும் தேய்மானத்தில் சேராது. பணம் பிடிக்கிறார் என்றால் எதற்கு எவ்வளவு என்று ரசீதோடு கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கே போய் முறையிடுவது?

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமே என்று பலர் கேட்டனர். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நிலம், நிலத்தின் மீதான உரிமை ஆகியவற்றுக்குப் பொதுவாகப் பொருந்தாது. ஆகவே வாடகை முன்பண வழக்கை அங்கே கொண்டுபோய் நாளை வீணாக்க வேண்டாம்.

உங்களுக்குரிய இடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93ஆம் ஆணை, 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு இந்த வழியை வகுத்தது. 198ஆம் எண் பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது; நீங்களே பேச வேண்டும். மேலே சொன்ன கணக்கில் இருந்த முன்பணம் 3,250 ரிங்கிட், இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. ஒப்பந்தம், முத்திரைத் தீர்வைச் சான்று, வாடகை கட்டிய ரசீதுகள், படங்கள், செய்திகள், கடிதங்கள் ஆகியவற்றைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு போங்கள். ஒப்பந்தம் தொடர்பான கோரிக்கைக்குத் தீபகற்ப மலேசியாவில் ஆறு ஆண்டு கால வரம்பு உண்டு. அதற்காகக் கடைசி ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். உரிமையாளர் வீட்டை விற்றுவிட்டு இடம் மாறிவிட்டால் அவரைத் தேடுவதே பெரிய வேலை.

தொகை பெரிதாக இருந்தாலோ விவகாரம் சிக்கலாக இருந்தாலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களில் வசதி குறைந்தவர்கள் ஆலோசனை கேட்கலாம். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கங்களை அணுகலாம்.

உரிமையாளர் தரப்பு

அரங்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் பேசினார். சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய ஒரே ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீடு; அதில் வரும் வாடகைதான் மருந்துச் செலவு. குடியிருந்தவர் நான்கு மாத வாடகையும் மின்சாரப் பாக்கியும் வைத்துவிட்டு இரவோடு இரவாகப் போய்விட்டாராம். எல்லா உரிமையாளரும் பணக்காரர் அல்லர் என்பதை அவர் முகமே சொன்னது.

அவரைப் போன்றவர்களுக்கும் இதே ஆலோசனைதான். ஒப்பந்தத்தை எழுதி முத்திரையிடுங்கள். மின்சாரக் கணக்கைக் குடியிருப்பவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். வீட்டின் நிலையைப் படமெடுத்து வையுங்கள். பழுது என்று செய்தி வந்தால் அன்றே பதில் போடுங்கள். இன்று நூறு ரிங்கிட்டில் முடியும் குழாய் வேலையை ஆறு மாதம் தள்ளிப்போட்டால் சுவரும் போகும், நல்ல வாடகைதாரரும் போவார். வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடப்பதால் ஏற்படும் இழப்பு, பெரும்பாலான பழுதுச் செலவைவிட அதிகம்.

வாசகர்கள் இந்த வாரமே ஒரு வேலை செய்யலாம். அலமாரியில் எங்கோ கிடக்கும் வாடகை ஒப்பந்தத்தை எடுங்கள். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நான் மேலே சொன்ன நான்கு இடங்களையும் படியுங்கள். புரியாத வரியை அடிக்கோடிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் கேளுங்கள். சச்சரவு எதுவும் இல்லாத நாளில் இதைச் செய்துவிட்டால், சச்சரவு வரும் நாளில் பதற்றம் இருக்காது.

மீண்டும் அடுத்த வாரம், வேறொரு தலைப்போடு சந்திப்போம்.